ஓநாயை எண்ணுவது யார், நம்புவது யார்?

2021 பிப்ரவரி 22, திங்கட்கிழமை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓநாய் வேட்டை தொடங்கிய நாள். மாதக் கடைசி வரை நடக்கும் என்று அறிவித்திருந்தார்கள். மாநில அரசிடம் உரிமம் வாங்கியவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து 119 ஓநாய்களைக் கொல்லலாம் என்பது ஒதுக்கீடு. ஆனால் புதன்கிழமையே வேட்டையை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. மூன்று நாள் முழுதாக முடிவதற்குள் விழுந்த ஓநாய்கள் 218.

எப்படி இவ்வளவு என்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. வழக்கத்தைவிட இரு மடங்கு உரிமங்களை வழங்க முடிவெடுத்திருந்தார்கள். 1,500 பேருக்கு மேல் வாங்கியிருந்தார்கள். புதுப்பனி விழுந்திருந்ததால் தடம் பளிச்சென்று தெரிந்தது. வேட்டை நாய்களை ஏவிவிட்டுத் துரத்தச் சட்டம் இடம் கொடுத்தது. கொல்லப்பட்டவற்றில் பெரும்பங்கு நாய்களை வைத்து வேட்டையாடியவர்களிடமே விழுந்தன. கொன்றதைப் பதிவு செய்ய 24 மணி நேரம் அவகாசம். வேட்டையை மூடவும் 24 மணி நேரம் முன்னறிவிப்பு தர வேண்டும். கணக்கு கைக்கு வந்து சேரும் முன்னே எல்லை தாண்டிவிட்டது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்து நடந்த பேச்சு. வேட்டைக்காரர்கள் தரப்பில், "மூன்று நாளில் இத்தனை விழுகிறது என்றால், அரசு சொல்வதைவிட ஓநாய்கள் எவ்வளவோ அதிகம் என்றுதானே பொருள்?" என்றார்கள். ஓநாய்களைக் காக்க வேண்டும் என்பவர்கள், "இத்தனை ஓநாய்கள் இருக்கின்றன என்று அரசு சொன்னதை நம்பித்தானே இந்த ஒதுக்கீட்டைக் கொடுத்தீர்கள்? இப்போது மிச்சம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?" என்றார்கள். அதே 218 ஒருவருக்கு அரசுக் கணக்கு குறைவு என்பதற்குச் சாட்சி, இன்னொருவருக்கு அந்தக் கணக்கை நம்பிக் கொன்றதே தவறு என்பதற்குச் சாட்சி. எதிரெதிர் அணிகள் ஒன்றுபட்ட ஒரே இடம், அரசின் எண்ணை நம்ப மாட்டோம் என்பதுதான்.

இது எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று புரிய வேண்டுமானால், முதலில் ஓநாயை எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

விஸ்கான்சினில் ஓநாயைக் கொன்றுவந்தால் பணம் கொடுக்கும் வழக்கம் 1957 வரை இருந்தது. 1960 வாக்கில் மாநிலத்தில் ஓநாயே இல்லை. எழுபதுகளின் நடுவில் பக்கத்து மின்னசோட்டாவிலிருந்து அவை தாமாகவே நடந்து வந்தன. 1979இல் மாநில இயற்கை வளத்துறை எண்ணத் தொடங்கியது. 1980இல் கிடைத்த எண் 25. எண்பதுகளின் நடுவில் பார்வோ வைரஸ் பரவிப் பதினைந்து வரை இறங்கியது. அந்த அளவில் எண்ணுவது சிரமமில்லை. ஒவ்வொரு கூட்டத்தையும் ஏறக்குறைய பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது.

கூட்டங்கள் பெருகிய பிறகு அரசு ஊழியர்கள் மட்டும் போதவில்லை. 1995இல் தன்னார்வத் தடம் தேடிகளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். ஓய்வுபெற்றவர்கள், ஆசிரியர்கள், மான் வேட்டைக்காரர்கள் என்று பலதரப்பட்டவர்கள். விலங்குத் தடங்களைப் படிக்க ஒரு வகுப்பு உண்டு. அதில் தேற வேண்டும். பிறகு மாநிலத்தின் காட்டுப் பகுதியைப் பிரித்த கட்டங்களில் ஒன்று ஒருவர் பொறுப்பில் வரும். குளிர்காலத்தில், பனி விழுந்து ஒன்றிரண்டு நாள் கழித்து, பிக்கப் வண்டியில் காட்டுச் சாலைகளில் ஆள் நடக்கிற வேகத்துக்குச் சற்று மேலே ஓட்டிக்கொண்டு போவார்கள், கண்ணாடியை இறக்கிவிட்டு, ஓரத்துப் பனியைப் பார்த்தபடி.

ஓநாயின் தடம் பெரிய நாயின் தடத்தைப் போலத்தான் இருக்கும். நீளம் நான்கு அங்குலத்துக்கு மேல். ஒற்றைத் தடத்தை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. நடையில்தான் வித்தியாசம். வீட்டு நாய் அங்கே ஓடி, இங்கே முகர்ந்து, வந்த வழியே திரும்பி, பனி முழுக்கக் கோலம் போட்டு வைக்கும். ஓநாய் வேலைக்குப் போகிறவனைப் போல நேர்கோட்டில் போகும். முன்கால் வைத்த குழியிலேயே பின்காலும் விழும். அது மட்டுமில்லை, ஆழமான பனியில் ஒரு கூட்டமே முன்னால் போகிற ஓநாயின் அடியில் அடி வைத்துப் போகும். ஐந்து ஓநாய்கள் போன வழி ஓர் ஓநாய் போன வழியாகத் தெரியும். அதனால் தடத்தைப் பார்த்தவுடன் "ஒன்று" என்று எழுதிவிட முடியாது. இறங்கி, அந்தக் கோட்டின் பக்கத்திலேயே நடக்க வேண்டும். எங்கேயாவது ஒரு வளைவில், விழுந்த மரம் குறுக்கே கிடக்கும் இடத்தில், அல்லது உறைந்த ஓடையின் கரையில், கோடு பிரியும். ஒன்று இரண்டாகும், மூன்றாகும். அங்கே நின்று எண்ணுவார்கள். பனிமேட்டின் பக்கவாட்டில் காலைத் தூக்கிப் பெய்த சிறுநீர் இருந்தால், இனப்பெருக்கம் செய்யும் தலைமை இணை அங்கே இருக்கிறது என்று குறிப்பார்கள். ஜனவரி, பிப்ரவரியில் அந்தச் சிறுநீரில் இரத்தம் கலந்திருந்தால் பெண் ஓநாய் பருவத்தில் இருக்கிறது. வசந்தத்தில் குட்டிகளை எதிர்பார்க்கலாம்.

இப்படிச் சேர்த்த குறிப்புகளோடு, ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டிய ஓநாய்களை விமானத்திலிருந்து பின்தொடர்ந்த தகவலும் சேரும். குளிர்காலம் முடிந்ததும் வரைபடத்தை விரித்து, இந்தத் தடமும் அந்தத் தடமும் ஒரே கூட்டமா, இரண்டு கூட்டமா என்று ஒவ்வொன்றாக விவாதித்து முடிவு செய்வார்கள். சந்தேகம் வந்தால் குறைவான பக்கமே சாய்வார்கள். கிடைக்கும் எண்ணுக்குப் பெயரே குறைந்தபட்சக் கணக்கு. "இவ்வளவாவது இருக்கிறது" என்பதுதான் அதற்கு அர்த்தம். 2019-20 குளிர்காலத்தில் அது 1,034 முதல் 1,057 வரை.

நம்பிக்கை கசியத் தொடங்கிய முதல் ஓட்டை இங்கேதான் என்று நினைக்கிறேன். வளத்துறை "குறைந்தது 1,034" என்றது. செய்தியில் அது "1,034 ஓநாய்கள்" ஆனது. டீக்கடைக்கு நிகராக அங்கே இருக்கும் காபிக் கடைகளுக்கும் மதுக்கடைகளுக்கும் போய்ச் சேரும்போது, "ஆயிரம்தான் இருக்கிறதாம், நம்பச் சொல்கிறார்கள்" என்று ஆனது. "குறைந்தது" என்ற ஒரு சொல் விழுந்துபோனால் நேர்மையான கணக்கும் பொய்க் கணக்காகிவிடுகிறது.

அடுத்தது மாதம். கணக்கு சொல்வது குளிர்காலக் கடைசியை. ஆண்டிலேயே ஓநாய்கள் மிகக் குறைவாக இருக்கும் நேரம் அது. ஏப்ரலில் குட்டிகள் பிறக்கின்றன. ஓர் ஈற்றில் ஐந்தாறு. எண்ணிக்கை ஏறக்குறைய இரு மடங்காகிறது. அந்தக் குட்டிகளில் பல அடுத்த குளிர்காலத்தைப் பார்ப்பதில்லை. நோய், பட்டினி, வண்டியில் அடிபடுதல், துப்பாக்கி. ஆக, ஏப்ரலில் ஆயிரம் என்றால் மே மாதம் இரண்டாயிரத்தை நெருங்கலாம், மறுபடி ஏப்ரலில் ஆயிரத்துக்கு அருகில் வரலாம். இரண்டும் உண்மை. ஆனால் சாதாரண ஜனங்கள் காட்டுக்குள் போவது எப்போது? நவம்பரில், மான் வேட்டைக் காலத்தில். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒன்பது நாள் காட்டில் இருப்பார்கள். அவர்கள் பார்ப்பது அந்த ஆண்டுக் குட்டிகளில் பிழைத்தவையும் சேர்ந்த கூட்டத்தை. அரசு சொல்லும் எண்ணும் அவர்கள் கண்ணும் வெவ்வேறு மாதத்தில் நிற்கின்றன. இதை யாரும் அவர்களிடம் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்வதில்லை. சொன்னாலும் ஓர் அறிக்கையின் பன்னிரண்டாம் பக்கத்தில் சொல்கிறார்கள்.

அப்புறம் தூரம். ஒரு கூட்டத்தின் எல்லை அங்கே சுமார் 150 சதுர கிலோமீட்டர் வரை விரியும். ஓர் இரவில் இருபது, முப்பது கிலோமீட்டர் நடப்பது அவற்றுக்குச் சாதாரணம். இப்போது எல்லோரும் மரத்தில் கேமரா கட்டி வைக்கிறார்கள். திங்கள் இரவு ஒரு பண்ணையின் கேமராவில் ஆறு ஓநாய்கள். புதன் இரவு பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் கேமராவில் ஆறு. வெள்ளிக்கிழமை வேறொருவர் கேமராவில் ஐந்து. ஊர்ப் பேச்சில் அது பதினேழு ஓநாய்கள். வளத்துறைக் கணக்கில் அது ஒரே கூட்டம், ஆறு. பண்ணைக்காரர் பொய் சொல்லவில்லை. தன் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார், படமும் கையில் வைத்திருக்கிறார். கையில் படம் வைத்திருக்கிறவரிடம், பார்க்காத ஓர் அலுவலகம் "உங்கள் பக்கம் ஒரு கூட்டம்தான்" என்றால் கோபம் வரத்தான் செய்யும். கன்றுக்குட்டியை இழந்தவராக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இழப்புக்கு அரசு பணம் கொடுக்கிறது. வேட்டை நாயை ஓநாய் கொன்றால்கூட ஒரு நாய்க்கு 2,500 டாலர் வரை உண்டு. ஆனால் பணம் வாங்கியவர்கள் அதன்பிறகு கணக்கை நம்பத் தொடங்கினார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பணம் இழப்பை ஈடுகட்டலாம்; "நீங்கள் சொன்னது சரி, அங்கே ஓநாய் இருந்தது" என்று ஒருவர் வந்து பார்த்து ஒப்புக்கொள்வது வேறு.

350 என்ற எண்

வடக்கு விஸ்கான்சினில் ஓநாய் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் 350 என்று சொல்லாமல் பேச்சு முடியாது. 1999இல் மாநிலம் வகுத்த திட்டத்தில், பழங்குடிகளின் ஒதுக்கீட்டு நிலங்களுக்கு வெளியே 350 ஓநாய்கள் என்பது மேலாண்மை இலக்கு. எழுதியவர்கள் அதை அந்தக் காலத்துத் தகவலை வைத்துப் போட்ட ஒரு வழிகாட்டியாக நினைத்திருக்கலாம். படித்தவர்கள் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார்கள். "350 வரை பொறுத்துக்கொள்ளுங்கள், அதன்பிறகு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னதாகவே வட மாவட்டங்களில் நினைவில் நிற்கிறது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஓநாய்கள் அதைத் தாண்டின. 2011 வாக்கில் எண்ணூறு. எண்ணிக்கையைக் குறைக்க எதுவும் நடக்கவில்லை.

மாநிலம் குறைக்க நினைத்தாலும் முடியாதபடி, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களுக்கான கூட்டாட்சி அரசின் பாதுகாப்புப் பட்டியல் குறுக்கே நின்றது. அந்தப் பட்டியலின் கதையே தலை சுற்ற வைக்கும். 2007இல் ஓநாய் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2008இல் நீதிமன்றம் திரும்பச் சேர்த்தது. 2009இல் மறுபடி நீக்கம், மறுபடி சேர்ப்பு. 2012இல் நீக்கம். அந்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம், பட்டியலில் இல்லாத காலமெல்லாம் ஓநாய் வேட்டை நடத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. மூன்று ஆண்டு வேட்டை நடந்தது. 117, 257, 154 என்று கொல்லப்பட்டன. 2014 டிசம்பரில் மறுபடி சேர்ப்பு. 2021 ஜனவரியில் நீக்கம். 2022 பிப்ரவரி 10 அன்று கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி எழுதிய தீர்ப்பால் மறுபடி சேர்ப்பு. வடக்கு விஸ்கான்சினில் மாடு வளர்ப்பவர் இதை எப்படிப் பார்ப்பார்? எண் எவ்வளவு ஏறினாலும் எதுவும் மாறுவதில்லை; எங்கோ ஒரு நீதிமன்றத்தில் எல்லாம் மாறுகிறது. அப்படியானால் எண் எதற்கு? கணக்கின் மீது வந்த சந்தேகத்தில் பாதி, கணக்குக்குச் சம்பந்தமே இல்லாத இந்தக் கோபத்திலிருந்து வந்தது.

இதற்கு நடுவில் எண்ணும் முறையையே மாற்றினார்கள். ஆயிரத்துக்கு மேல் போன பிறகு ஒவ்வொரு கூட்டத்தையும் தனித்தனியாக எண்ணுவது கைமீறிப் போனது உண்மை. 2020 முதல் வளத்துறை வேறு வழிக்கு வந்தது. அதே தடம் தேடிகளின் தகவலை வைத்து, எவ்வளவு பரப்பில் ஓநாய்க் கூட்டங்கள் இருக்கின்றன என்று கணிப்பது. அதைச் சராசரி எல்லையின் பரப்பால் வகுத்தால் கூட்டங்களின் எண்ணிக்கை. அதைச் சராசரிக் கூட்டத்தின் அளவால் பெருக்கி, தனியாகத் திரியும் ஓநாய்களையும் சேர்த்தால் மொத்தம். தடம் கண்ணில் படாமல் போனாலும் ஓநாய் இருந்திருக்கலாம் என்பதற்கும் இதில் இடம் உண்டு. 2019-20 குளிர்காலத்துக்கு இந்த முறை தந்த விடை 1,195.

முதல் முறையில் 1,034, இரண்டாவது முறையில் 1,195. ஒரே குளிர்காலம், அதே ஓநாய்கள். அறிவியல்ரீதியாக இதில் ஒரு முரணும் இல்லை. முதலாவது குறைந்தபட்சம், இரண்டாவது மதிப்பீடு. ஆனால் ஏற்கெனவே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவர் காதில் இது எப்படி விழும்? "பார்த்தாயா, இத்தனை நாள் மறைத்துவைத்த நூற்றைம்பது இப்போதுதான் வெளியே வருகிறது." முறை மாறிய ஆண்டில், பழைய முறையையும் புதிய முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் மாறுகிறது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியிருக்க வேண்டும்.

அந்த 1,195க்குப் பின்னால் இன்னொரு விஷயம் இருக்கிறது. அது ஒற்றை எண்ணே இல்லை. 957க்கும் 1,573க்கும் நடுவில் எங்கோ உண்மை இருக்கிறது என்பதுதான் அந்த முறை கொடுத்த முழு விடை. இரண்டுக்கும் இடைவெளி 616. பிப்ரவரி வேட்டைக்கு மொத்தமாக வைத்த ஒதுக்கீடு 200. அதாவது தெரியாத அளவு, கொல்லப் போகும் அளவைப்போல மூன்று மடங்கு. ஓநாய்களின் தொகை ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது என்ற நோக்கத்தில் அந்த 200 முடிவானது. இவ்வளவு அகலமான ஒரு விடையின்மேல் அவ்வளவு நுட்பமான நோக்கத்தை ஏற்றி வைத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மதிப்பீடு தவறில்லை. அதற்குத் தாங்கும் சக்திக்கு மேல் பாரம் வைத்துவிட்டார்கள்.

200இல் 81 ஒஜிப்வே பழங்குடிகளின் பங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒப்பந்தங்களில் அவர்கள் விட்டுக்கொடுத்த நிலங்களில் வேட்டை உரிமை அவர்களுக்கு உண்டு என்று 1983இல் நீதிமன்றம் உறுதி செய்தது. அதன்படி வந்த பங்கு. ஒஜிப்வே மக்களுக்கு ஓநாய் மாயிங்கன். ஆதி மனிதனோடு உலகைச் சுற்றி நடந்த உடன்பிறப்பு. அதற்கு நேர்வது தங்களுக்கும் நேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்கள் 81 உரிமையைக் கேட்டு வாங்கியது அவற்றை உயிரோடு விட. மாநில வேட்டைக்காரர்கள் 119ஐத் தாண்டி எடுத்த 99இல் அந்த 81ம் அடங்கிப்போனது. கணக்கில் அவர்கள் பங்கு இருந்தது, காட்டில் இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் ஆறு ஒஜிப்வே பழங்குடிகள் மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். அடுத்த வேட்டைக்கு வளத்துறை 130 என்று பரிந்துரைக்க, அதற்கு மேல் இருந்த வாரியம் 300 என்று முடிவு செய்திருந்தது. அக்டோபரில் மாநில நீதிமன்றம் ஒன்று அந்த வேட்டையை நிறுத்தியது. நிபுணர் சொன்ன எண்ணை வாரியமே மதிக்காதபோது மற்றவர்கள் மதிக்கவில்லை என்று யாரைக் குறை சொல்வது?

218க்குப் பிறகு மிச்சம் எவ்வளவு என்பதிலும் சண்டை. விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் ட்ரீவ்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 2021 ஜூலையில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள்: வேட்டையோடு, வெளியே தெரியாமல் நடந்த கள்ள வேட்டையையும் சேர்த்தால் ஓராண்டில் 27 முதல் 33 சதவீதம் வரை ஓநாய்கள் குறைந்திருக்கும் என்று. வளத்துறை அதை ஒப்புக்கொள்ளவில்லை. அதன் சொந்தக் கணக்கு 2020-21 குளிர்காலத்துக்கு 1,126, அடுத்த குளிர்காலத்துக்கு 972. வீழ்ச்சி சுமார் 14 சதவீதம். ஒருவர் சொன்னது வேட்டை முடிந்த கையோடு இருந்த நிலை. மற்றவர் சொன்னது ஒரு பருவத்துக் குட்டிகள் பிறந்து, அதில் பாதி இறந்து, அடுத்த பனிக்காலம் வந்த பிறகான நிலை. இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்கவே முடியாது. ஆனால் ஊடகங்களில் இரண்டும் நேருக்கு நேர் நிறுத்தப்பட்டன. படித்தவர்கள் தத்தமக்குப் பிடித்த எண்ணை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மண்ணில் பதிந்த தடம்

தடத்தைப் பார்த்து எண்ணிக் கெட்டுப்போன கதை நம் நாட்டிலேயே ஒன்று உண்டு. ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகம். 2004இல் அங்கே 16 முதல் 18 புலிகள் இருப்பதாக அரசுக் கணக்கு சொன்னது. 2005 தொடக்கத்தில் இந்திய வன உயிரின நிறுவனம் போய்த் தேடியபோது ஒன்றுகூட இல்லை. கள்ள வேட்டைக்காரர்கள் கடைசிப் புலி வரை கொண்டுபோயிருந்தார்கள். கணக்குப் புத்தகத்தில் மட்டும் புலிகள் உலவிக்கொண்டிருந்தன.

அங்கே எண்ணியது புழுதியில் பதிந்த காலடியை வைத்து. தடத்தின்மேல் கண்ணாடித் தகடு வைத்து, விளிம்பை வரைந்து, அதைத் தாளில் எடுத்து, ஒவ்வொரு புலிக்கும் தடம் வேறு என்று பிரித்தறிவது அந்த முறை. 1960களில் ஒடிசாவின் சரோஜ் ராஜ் சௌத்ரி உருவாக்கியது. மண் ஈரமாக இருந்தால் ஒரே புலியின் கால் பெரிதாகும், காய்ந்திருந்தால் சிறிதாகும், வரைகிறவர் கை நடுங்கினால் இன்னொரு புலி பிறக்கும். ஆனால் சரிஸ்காவை மோசமாக்கியது முறை மட்டும் இல்லை. எண்ணியவரும் அதே அலுவலகம், எண்ணிக்கை குறைந்தால் பதில் சொல்ல வேண்டியதும் அதே அலுவலகம், வெளியாள் யாரும் உள்ளே வந்து சரிபார்க்க வழியில்லை. பிறகு 2006இல் கேமராக்களைக் கட்டிப் புதிய முறையில் மதிப்பிட்டபோது நாடு முழுக்க 1,411 புலிகள்தான் என்று வந்தது. அதற்கு முந்தைய அரசுக் கணக்கு 3,642. முறைகள் வேறு என்பதால் நேராகக் கழித்துப் பார்க்கக் கூடாது. இருந்தாலும் அந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து அச்சில் பார்த்த அதிர்ச்சி பலருக்கு இன்னும் நினைவிருக்கும்.

விஸ்கான்சினை நான் சரிஸ்காவோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அங்கே எண்ணுகிறவர்களில் பொதுமக்கள் இருக்கிறார்கள், பழங்குடிகளின் சொந்த உயிரியலாளர்கள் இருக்கிறார்கள், கணக்கிடும் முறை ஆய்விதழில் வெளியாகி யாரும் குறை கண்டுபிடிக்கலாம் என்று திறந்து கிடக்கிறது. என் கணிப்பில் அந்தக் கணக்கு உலகின் நல்ல ஓநாய்க் கணக்குகளில் ஒன்று. அப்படியும் நம்பிக்கை இல்லை என்பதுதான் யோசிக்க வைக்கிறது. நல்ல முறை இருந்தால் நம்பிக்கை தானாக வரும் என்று அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் நினைக்கிறார்கள். வருவதில்லை.

ஸ்வீடன் இதற்கு இன்னும் வலுவான உதாரணம். அங்கேயும் நார்வேயிலும் பனித் தடத்தோடு நிற்பதில்லை. எச்சத்தையும் சிறுநீரையும் பொறுக்கி டிஎன்ஏ எடுத்து, பெற்றோர் யார், பிள்ளை யார் என்று வம்சாவளியே போட்டு வைத்திருக்கிறார்கள். 1983இல் வேர்ம்லாந்துப் பகுதியில் ஒரே ஓர் இணை ஈன்ற குட்டிகள், 1991 வாக்கில் கிழக்கிலிருந்து வந்த ஓர் ஆண் ஓநாய் என்று மூன்றே உயிர்களிலிருந்து ஒரு தொகை முளைத்த கதையை அந்த டிஎன்ஏதான் சொன்னது. இவ்வளவுக்குப் பிறகும், இந்த ஓநாய்களை யாரோ விலங்குக் காட்சிசாலையிலிருந்து கொண்டுவந்து ரகசியமாக விட்டார்கள் என்ற பேச்சு நாற்பது ஆண்டுகளாக ஓயவில்லை. நார்வே நாடாளுமன்றமே கேட்டுக்கொண்டு ஒரு மரபணு ஆய்வு நடந்தது. அவை பின்லாந்துப் பக்கத்து ஓநாய்களின் வழி வந்தவை என்றே அதுவும் சொன்னது. பேச்சு அதன்பிறகும் நிற்கவில்லை.

அதே ஸ்காண்டிநேவியாவில் எண்ணிக்கையின் இன்னொரு பக்கத்தைக் காட்டிய ஆய்வும் நடந்தது. ஊலோஃப் லீபெர்க் தலைமையிலான குழு, ரேடியோ பட்டை மாட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட ஓநாய்களைப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்தது. இறந்தவற்றில் சுமார் பாதி கள்ள வேட்டையால். அந்தக் கள்ள வேட்டையிலும் மூன்றில் இரண்டு பங்கு எந்த அடையாளமும் இல்லாமல் நடந்தது. பட்டையின் சைகை ஒரு நாள் நின்றுபோகும், உடல் கிடைக்காது. கள்ள வேட்டை இல்லாமல் இருந்திருந்தால் 2009இல் ஓநாய்கள் ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். அரசு எண்ணை மறைக்கிறது என்ற குற்றச்சாட்டு எங்கும் கேட்கிறது. ஆனால் அளந்து பார்த்தபோது மறைந்துபோனது ஓநாய்தான், அதை மறைத்தவர்கள் மண்வெட்டியோடு காட்டுக்குள் இருந்தவர்கள். அரசுக் கணக்கை நம்பாதவர்கள் எல்லோரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். மிகப் பெரும்பாலோர் துப்பாக்கியை அப்படித் தூக்காதவர்கள். எனினும் நம்பிக்கை உடைந்த ஊரில் இந்தக் காரியத்தைச் செய்கிறவரை யாரும் காட்டிக்கொடுப்பதில்லை என்பது நிஜம்.

சரி, எது உதவும்? என் மனதில் பட்டது இவ்வளவுதான். கணக்கு எடுக்கும் கையும் அதை வைத்துக் கொல்ல உத்தரவிடும் கையும் ஒன்றாக இருக்கும்வரை, எண் எதுவாக வந்தாலும் ஒரு தரப்பு அதைச் சூழ்ச்சி என்றே படிக்கும். எண்ணுகிறவர்கள் எண்ணட்டும், ஒதுக்கீட்டை வேறு ஒருவர், தன் பெயர் சொல்லி, ஏன் என்று விளக்கித் தீர்மானிக்கட்டும். அதைவிடவும் எனக்கு நம்பிக்கை தருவது அந்தத் தடம் தேடிகள். சந்தேகப்படுகிற மனிதரே வகுப்பில் உட்கார்ந்து, தன் வண்டியில், தன் பெட்ரோலில், தன் ஊர்க் கட்டத்தைச் சுற்றி வந்து எழுதிக்கொடுத்த தாள் கணக்கில் ஏறும்போது, அந்த எண்ணில் அவருக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது. அரசு கூட்டம் போட்டு விளக்குவதும் இதுவும் ஒன்றாகாது.

2023 அக்டோபரில் விஸ்கான்சின் புதிய ஓநாய்த் திட்டத்தை ஏற்றது. அதில் 350 இல்லை. ஒற்றை இலக்கு எண் எதுவுமே இல்லை. நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வோம் என்கிறது. விஞ்ஞானிகள் கோணத்தில் இது நியாயமானது. ஆனால் வடக்கே பலருக்கு, கொடுத்த வாக்கை அழித்துவிட்டார்கள் என்றே பட்டது. ஓர் எண்ணை எழுதியே ஆக வேண்டும் என்று சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. 2024இல் ஆளுநர் டோனி எவர்ஸ் அதைத் தன் அதிகாரத்தால் நிராகரித்தார். இலக்கு எண் இருந்தபோது அதை மீறினார்கள் என்று கோபம், எடுத்துவிட்டபோது அதை எடுத்தார்கள் என்று கோபம். எண்ணிலேயே தீர்வு இல்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

தடம் தேடிகளின் வேலை மட்டும் ஒவ்வொரு குளிர்காலமும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. பனி நின்று ஒரு நாள் கழித்து வண்டி மெதுவாகப் போகிறது. சாலையைக் குறுக்கே வெட்டி ஓர் ஒற்றைக் கோடு. இறங்கி, அளவெடுத்து, அதன் பக்கத்திலேயே நடந்தால், சாய்ந்த மரத்தருகே கோடு இரண்டாகப் பிரிகிறது. இன்னும் கொஞ்சம் போனால் மூன்றாகிறது. அதற்கு அப்பால் கம்பி வேலி, அதில் அத்துமீறி நுழையக் கூடாது என்ற பலகை. யாரோ ஒருவரின் சொந்த நிலம். அனுமதி இல்லாமல் ஒரு அடி வைக்க முடியாது. தடங்கள் வேலிக்குக் கீழே நுழைந்து, அந்தப் பக்கம் மரங்களுக்குள் போகின்றன. அங்கே போய் நான்காகிறதா, ஆறாகிறதா என்று நிலத்துக்காரர் கதவைத் திறந்தால்தான் தெரியும். தாளில் எழுதுகிறார்கள்: குறைந்தது மூன்று.